கொய்யாமரத்தடி மேடு

இந்தியப் பாஸ்போர்ட் வந்த அன்று மாயழகுக்குச் சோறு இறங்கவில்லை. லயத்து வரிசை வீட்டு ஆட்கள் அதைப் பயணப் பயம் என்று நினைத்துக்கொண்டார்கள். "மண்டபத்துல எறங்குனா எல்லாம் சரியாயிரும்டா" என்று ஆளுக்கு ஆள் தோளைத் தட்டினார்கள்.

அவன் கவலைப்பட்டது அக்கரையில் இருந்த மண்டபம் முகாமை நினைத்தும் இல்லை, கப்பலை நினைத்தும் இல்லை. தேயிலை மலைக்கு மேலே புதர் மண்டிக் கிடந்த புதைகாட்டை நினைத்துத்தான். அவன் அம்மா இருளாயி அங்கேதான் எங்கோ கிடந்தாள்.

தெமோதரைக்கு மேலே இருக்கிற கல்லுமலைத் தோட்டத்தை இலங்கை அரசாங்கம் எடுத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. புதிதாக மேனேஜராக வந்த துரைக்குத் தரிசு நிலம் கண்ணில் பட்டால் பொறுக்காது. எங்கே வெறும் மண்ணைக் கண்டாலும் யூகலிப்டஸ் கன்று வை என்பார். அவர் உத்தரவைக் கணக்கப்பிள்ளை கனகரத்தினம் ஒருநாள் காலையில் ஆட்களை வரிசைப்படுத்தும் பெரட்டில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். கோபமே இல்லாமல் சொன்னாலும் அவர் பேச்சு அதட்டல் போலவே இருக்கும்.

"புதைகாட்டையும் வெளியாக்கி மரம் வைக்கப் போகினம். அடையாளம் கட்டி வைச்சிருக்கிற குழியளைத் தொடமாட்டம். மற்றதுகளுக்கு நான் பொறுப்பில்லை. கட்டுறவை இந்த மாதத்துக்குள்ள கட்டிப்போடுங்கோ, பிறகு என்னட்ட வந்து அழக்கூடாது."

அடையாளம் கட்டியிருந்த குழிகள் அந்தக் காட்டில் எத்தனை? பழைய பெரிய கங்காணி வீட்டுக் கல்லறைகள் மட்டும்தான். மற்றவர்கள் செத்தால் மண்ணைக் குவித்து, தலைமாட்டில் ஒரு குச்சியை ஊன்றிவிட்டு வருவதுதான் வழக்கம். குச்சியைக் கறையான் தின்னும். மேட்டை மழை தின்னும்.

மாயழகுக்கு இன்னொரு சங்கடமும் இருந்தது. அம்மாவைப் புதைத்தபோது அவன் அங்கே இல்லை. தோட்டத்தில் மாவுகூடக் கிடைக்காத வருஷம் அது. வேலையைக் குறைத்தார்கள், அரிசியைக் குறைத்தார்கள். மரவள்ளி இலையை அவித்துத் தின்றவர்கள் உண்டு. அவன் வெலிமடைப் பக்கம் ஓர் உருளைக்கிழங்குத் தோட்டத்தில் சோற்றுக்கு வேலை செய்துகொண்டிருந்தான். சேதி கிடைத்து வந்து சேர்ந்தபோது பால் தெளிப்புக்கூட முடிந்துவிட்டது. "கொய்யாமரத்தடியில வச்சிருக்கோம்" என்று குழி வெட்டியவர்கள் சொன்னார்கள். போய்ப் பார்க்க அவனுக்கு அப்போது தைரியம் வரவில்லை. மடியில் கட்டி வந்திருந்த கிழங்கை அக்காவிடம் கொடுத்துவிட்டு இஸ்தோப்புத் திண்ணையில் குந்திக்கொண்டான்.

குழி வெட்டிய மூவரில் ஒருவர் அந்த வருஷமே அதே காட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். மற்ற இருவரும் இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார்கள். இனி யாரிடம் கேட்பது?

அக்கா பூவாயிக்கும் தெரியாது. பெண்கள் புதைகாட்டுக்குப் போகக் கூடாது. பிரேதம் லயத்து முக்குத் திரும்பியதும் பெண்கள் அங்கேயே விழுந்து அழுதுவிட்டுத் திரும்பிவிட வேண்டும். கொய்யாமரத்தின் தலை மட்டும் லயத்து வாசலிலிருந்து தெரியும். வெள்ளிக்கிழமை தோறும் அதைப் பார்த்துத்தான் பூவாயி கற்பூரம் கொளுத்துவாள்.

அவள் போகப் போவதில்லை. அவளைக் கட்டியவனுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்துவிட்டது, அதனால் அவளுக்கும் கிடைத்தது. தம்பிக்கு இந்தியா, அக்காவுக்கு இலங்கை.

"நீ போயிருவ. நாளைக்கு எம்புள்ளைங்க அம்மாயி எங்கன்னு கேட்டா, நான் மரத்தக் காட்டணும். இனி அந்த மரத்தச் சுத்தி நூறு மரம் வந்திரும். நான் எதக் காட்டுவேன்?" என்றாள்.

"கட்டிட்டுத்தான் போவேன்" என்றான் மாயழகு. சொன்ன பிறகுதான் சிமெண்டு ஞாபகம் வந்தது.

அந்த வருஷம் சிமெண்டு கேட்டவுடன் கிடைக்கிற சாமான் இல்லை. பதுளை பஜாரில் ஏறாத கடையெல்லாம் ஏறி, கடைசியில் புஹாரி முதலாளியின் இரும்புக்கடைக்குப் போய்த் தயங்கி நின்றான்.

"ஒரு மூட்டையா? என்னத்துக்கு மகன், மாளிகையா கட்டப் போறாய்?" என்றார் புஹாரி, தொப்பியை நகர்த்தித் தலையைச் சொறிந்தபடி.

"அம்மாவுக்குக் கல்லறை கட்டணும் மொதலாளி. அடுத்த வாரம் பயணம்."

புஹாரி தொப்பியைச் சரியாக வைத்துக்கொண்டார். "எங்கட வாப்பாட கப்றுக்குத் தலமாட்டுல ஒண்டு, கால்மாட்டுல ஒண்டு, ரெண்டு மீசான் கல்லு, அவ்வளவுதான். ஒங்களுக்குத்தான் பூச்சு, மெழுகல் எல்லாம்" என்றார். பிறகு உள்ளே பார்த்து, "பள்ளிவாசல் மதிலுக்கு எடுத்ததில ஒண்டு மிஞ்சிக் கிடக்கு. எனக்குச் சல்லி வேணாம். கடைக்குப் பின்னால மழைத்தண்ணி நிண்டு நாறுது. நீ கான் வெட்டுற ஆள்தானே? வெட்டிப்போட்டு மூட்டையத் தூக்கிக்கொண்டு போ."

கான் என்கிற வடிகால் வெட்டுவது மாயழகுக்குக் கைவந்த வேலை. தோட்டத்தில் அவன் தொழிலே அதுதான். மலைச்சரிவில் கான் வெட்டுவான், மண் சரியாமல் கல்லடுக்கிக் கட்டுவான். புஹாரியின் கொல்லைத் தண்ணீர் அன்று சாயங்காலத்துக்குள் வழி கண்டு ஓடிவிட்டது. மூட்டை தெமோதரை வரைக்கும் பஸ்ஸில் வந்து, பிறகு அவன் தலையில் ஏறியது.

இடிந்த பழைய லயத்துச் செங்கல்லைப் பொறுக்கினான். ஓடையிலிருந்து மணல் சுமந்தான். கத்தியை எடுத்துக்கொண்டு கொய்யாமரத்தடிக்குப் போய்ப் புதரை வெட்டி விலக்கினான்.

பார்த்தால், மரத்தடியில் ஒரு மேடு!

சுற்றிலும் எல்லாம் மழையில் கரைந்து தரையோடு தரையாகக் கிடக்க, அது மட்டும் ஓர் ஆள் நீளத்துக்கு ஒழுங்காகக் குவிந்து கிடந்தது. மேலே ஒரு புல்கூட இல்லை. மாயழகுக்குக் கண் நிறைந்துவிட்டது. 'எனக்காகத்தான் கரையாம கெடந்திருக்கே ஆத்தா' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான். வேறு யோசனை எதுவும் அவனுக்கு வரவில்லை. அன்றும் மறுநாளும் பகல் முழுக்க வேலை. செங்கல்லை அடுக்கி, சிமெண்டைப் பூசி, மட்டப்பலகையால் இழுத்து, ஈரம் காயுமுன் ஆணியால் தலைமாட்டில் எழுதினான்: இருளாயி.

லயத்துக்கு வந்து, "அக்கா, கட்டியாச்சு. அம்மா பேரையும் எழுதிட்டேன்" என்று சொன்னபோது பூவாயி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பக்கத்துக் காம்பரா வீட்டுப் பெண்கள் எல்லோரிடமும் சொன்னாள். பாஸ்போர்ட் வந்த பிறகு அவன் வயிறாரச் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் கருப்பம்மா வந்து இஸ்தோப்பில் நின்றாள்.

கருப்பம்மா கடைசிக் காம்பராவில் தனியாக இருப்பவள். புருஷன் எப்போதோ கதிர்காமம் போகிறேன் என்று போனவன் திரும்பவில்லை. இருந்த ஒரு மகள் செவந்தியும் அந்தப் பஞ்ச வருஷத்தில், இருளாயி செத்த அதே வாரம் போய்விட்டாள். எட்டு வயசு. அதற்குப் பிறகு கருப்பம்மா யாரோடும் அதிகம் பேசுவதில்லை. கொழுந்து நிறுக்கிற இடத்தில்கூடக் கூடையை வைத்துவிட்டு ஒதுங்கி நிற்பாள்.

"வாங்கக்கா, தேத்தண்ணி குடிக்கிறீங்களா?" என்றாள் பூவாயி.

"வேணாம்" என்றாள் கருப்பம்மா. முந்தானையை முறுக்கிக்கொண்டே நின்றாள். "தம்பி, நீ கட்டுனது ஒங்கம்மா மேல இல்ல. எம்புள்ள மேல."

மாயழகு சிரித்துவிட்டான். "என்னக்கா காலங்காத்தால. பொதகாட்டுப் பக்கமே போகாதவங்க நீங்க. ஒங்களுக்கு என்ன தெரியும்?"

"போவேன்."

அடுப்பில் தண்ணீர் கொதித்து வழிந்தது. பூவாயி அதைப் பார்க்கவில்லை.

"எம்புள்ளையத் தூக்கிட்டுப் போனப்ப முக்குல விட்டுட்டு வா வான்னு என்னைய இழுத்தாளுக. கையை ஒதறிட்டுத் தேயிலைக்குள்ள பூந்து பின்னாலயே போயிட்டேன். குழியில வச்சதப் பாத்தேன். அதுக்கு ரெண்டு நாளைக்கு முந்தித்தான் ஒங்கம்மாவ வச்ச புதுமண்ணு. அதுக்கு மேல பக்கமா எம்புள்ளைய வச்சாங்க. எம்புள்ள கால்மாட்டுலதான் ஒங்கம்மா தலமாடு."

"அப்ப அந்த மேடு?"

"நான் போட்ட மண்ணு." கருப்பம்மா தரையைப் பார்த்துச் சொன்னாள். "ஒவ்வொரு மழைக்கும் கரைஞ்சிரும். மேல்மலையில கொழுந்து எடுக்கிற அன்னிக்கு, நிறுத்துட்டு வெறுங்கூடையோட எல்லாரும் எறங்குவாங்க, நான் ஏறுவேன். கூடையில மண்ணு அள்ளிப் போடுவேன், புல்லப் புடுங்குவேன். போட்டுப் போட்டு மேடு நீண்டுபோச்சு. இருந்திருந்தா அவளும் இம்புட்டு வளந்திருப்பால்ல?"

மாயழகுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "ரெண்டு நாளா மேல கெடந்து பாடுபட்டேன். ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? இன்னும் மூணு நாள்ல எனக்குப் பயணம். மூட்டை தீந்துபோச்சு. இனி நான் எங்க போய்..."

"சொல்லணும்னுதான் நெனச்சேன். சொன்னா நான் அங்க போறது தெரிஞ்சு போகும். தோட்டத்துல என்ன பேசுவாங்கன்னு ஒனக்குத் தெரியாதா? ஊருக்கே ஆகாதுன்னு சொல்லுவாங்க. அதோட..." அவள் குரல் இறங்கியது. "நீ சிமெண்டு பூசுறத தேயிலைக்குள்ள இருந்து பாத்தேன். எம்புள்ளைக்கு யாரு கட்டுவா? சந்தோசமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லல. ஒங்கம்மா பேரை எழுதியாச்சுன்னு நேத்துப் பூவாயி சொன்னா பாரு, அப்பத்தான் பொறுக்கல. எம்புள்ளைக்குன்னு அந்த எடம் ஒண்ணுதான் தம்பி இருக்கு."

மாயழகு அலவாங்குக் கடப்பாரையை எடுத்துக்கொண்டு எழுந்தான். உளியையும் இடுப்பில் செருகினான். "வாங்க, எடத்தக் காட்டுங்க."

"நானும் வாறேன்" என்றாள் பூவாயி.

"நீ எங்க வர்றது? சும்மா இரு அக்கா. ஒரு ஆளு போனதே போதாதா?"

"அந்தக்கா போனதாலதான் அம்மா எங்க இருக்கான்னு இன்னிக்குத் தெரியுது. நீ போனதால தெரியல." பூவாயி தலையை முடிந்துகொண்டாள். "நீ கப்பலேறிட்டா யாருடா பாக்கிறது? என் கண்ணால பாத்து வச்சிக்கிறேன். அவ்வளவுதான்."

லயத்து முக்கில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "என்னா பூவாயி, ஞாயித்துக்கெழமையும் கொழுந்தா? கூடையக் காணோம்?" என்றான் ஒருவன்.

"எங்கம்மாவப் பாக்கப் போறேன்."

"பொம்பளைங்க பொதகாட்டுக்குப் போற வழக்கம் எப்ப வந்துச்சு?"

"பட்டினியில பொம்பளைங்க செத்தாங்களே, அப்ப வந்துச்சு" என்று சொல்லிவிட்டு அவள் நிற்காமல் நடந்தாள். சீட்டுக்கட்டு கொஞ்சநேரம் கலைக்கப்படாமலே கிடந்தது.

மேலே போனதும் கருப்பம்மா மேட்டின் கால்மாட்டுக்குப் போய், சரிவில் இரண்டு எட்டு இறங்கி நின்றாள். அங்கே ஒன்றுமே இல்லை. கோரைப்புல்லும் இரண்டு தொட்டாற்சிணுங்கியும்தான். மாயழகு அலவாங்கை மெதுவாக ஊன்றினான். பக்கத்து நிலத்தில் கல்லில் இடித்து நின்ற அலவாங்கு, அந்த இடத்தில் மட்டும் தடையில்லாமல் இறங்கியது. தோண்டிய மண். சட்டென்று உருவி எடுத்துக்கொண்டான், யாரையோ குத்திவிட்டவன் போல.

பூவாயி முழங்காலிட்டு அந்தப் புல்லைத் தடவினாள். அவள் அழுகைச் சத்தம் கேட்கக் கேட்க மாயழகுக்கு ஆத்திரம் பொங்கியது. போய்த் தான் கட்டிய கல்லறையின் தலைமாட்டில் உளியை வைத்து, பெயரைச் செதுக்கி அழிக்கக் கல்லை ஓங்கினான்.

கருப்பம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். "பெத்தவ பேரை வெட்டுவாங்களா? வேணாம் தம்பி."

"அப்ப ஒங்க புள்ள?"

"எம்புள்ளைக்குக் காச்சல் கண்டப்ப, தன் பங்கு ரொட்டியப் பிச்சு ஊட்டுனவ ஒங்கம்மா. பேரு எம்புள்ள தலமாட்டுல இருந்தா இருந்துட்டுப் போகட்டும். மேல அவ பேரையும் வெட்டிரு. அது போதும்."

அவன் உட்கார்ந்து வெட்டினான். காய்ந்துபோன சிமெண்டில் எழுத்து நேராக வரவில்லை. 'செ' ஒரு பக்கம் உடைந்தே போனது. கருப்பம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தடவி, "இதுதானா? இவ்வளவும் அவ பேரா?" என்று கேட்டாள்.

"சரி, அம்மாவுக்கு?" என்றான் மாயழகு. "கையில ஒரு சட்டி சிமெண்டுகூட இல்ல. பச்சைமண்ணா விட்டுட்டுப் போனா மரம் வச்சிருவாங்க."

பூவாயி முகத்தைத் துடைத்துக்கொண்டு அவனை மேலும் கீழும் பார்த்தாள். "ஏன்டா, நீ என்ன தொழில் செய்றவன்?"

"ஏன்?"

"கீழ்மலையில நீ அடுக்குன கல்லுக்கட்டு எந்த மழைக்காவது சரிஞ்சிருக்கா? அதுல எத்தனை மூட்டை சிமெண்டு போட்ட?"

மாயழகு காலடியில் கிடந்த கல் ஒன்றைப் புரட்டினான். அடையாளம் கட்டுவது என்றால் சிமெண்டில்தான் என்று கங்காணி வீட்டுக் கல்லறைகளைப் பார்த்துப் பார்த்து எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவனும் அப்படியேதான் நினைத்தான். வருஷம் முழுக்கத் துரையின் மண்ணுக்குக் கல்லடுக்கிய கைக்கு, அம்மா மண்ணுக்கும் அடுக்கலாம் என்று தோன்றவே இல்லை.

கல் அந்த மலையில் காலை வைக்கிற இடமெல்லாம் கிடந்தது. பெண்கள் இருவரும் கொண்டுவந்து போட, அவன் அடித்தளக் கல்லைச் சாய்வுக்கு எதிராகப் பதித்தான். பெரிய கல்லுக்கு இடையில் சின்னக் கல்லை ஆப்பு வைத்து இறுக்கினான். மேல்பக்கம் தண்ணீர் ஒதுங்கிப் போக ஒரு சின்னக் கானும் வெட்டினான். அந்தக் கான் செவந்தியின் மேட்டையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டு போனது.

மத்தியானம் போல் கனகரத்தினம் குடையை ஊன்றியபடி மேலே வந்தார். பெண்கள் போயிருக்கிற சேதி அவர் காதுக்கும் எட்டியிருக்க வேண்டும்.

"இதென்ன, பெரட்டை இஞ்ச மாத்திட்டியளோ?" என்றவர், கல்லுக்கட்டைக் குடைநுனியால் தட்டிப் பார்த்தார். அசையவில்லை.

"ஐயா, சிமெண்டு இல்ல. இது கணக்குல சேருங்களா?" மாயழகு கையிலிருந்த கல்லைக் கீழே வைத்தான்.

"சீமெந்து வேணுமெண்டு நான் எப்பவடா சொன்னனான்? கட்டு எண்டால் கட்டுத்தானே." அவர் இன்னொரு தரம் தட்டினார். "பங்களா வாசல் கட்டை விட இது வடிவாக் கிடக்கு. துரை வந்தால் நான் சொல்லுறன். இதைத் தொடாயினம்." போகப் போனவர் திரும்பி நின்றார். "மற்ற ஆக்களுக்கும் சொல்லிவிடு. ஒருத்தரும் கட்டாமல் கிடக்கினம் எண்டு நானும் யோசிச்சுக்கொண்டுதான் இருந்தனான்."

சொல்லிவிட வேண்டிய தேவையே இருக்கவில்லை. சாயங்காலத்துக்குள் பெரியலயத்து ஆண்கள் இருவர் அலவாங்கோடு வந்து, மாயழகு கல்லை எப்படிப் பதிக்கிறான் என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால், தேயிலைச் செடிகளின் ஓரத்தில், மூன்று நான்கு பெண்கள். உள்ளே வரவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை. அவர்களில் ஒருத்தி மட்டும் கருப்பம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டாள்: "ஏக்கா, எங்கண்ணன வச்ச எடம் ஒனக்குத் தெரியுமா?"

"நிச்சயமாத் தெரியாது" என்றாள் கருப்பம்மா. "வா, தேடிப் பாப்போம்."

மீதியிருந்த நாட்களில் மாயழகு பெட்டி கட்டவில்லை. பூவாயியின் புருஷன்தான் கட்டினான். மாயழகு மேலேயே கிடந்தான். குழி அடையாளம் தெரிந்தவர்களுக்குக் கட்டிக்கொடுத்தான். தெரியாதவர்கள் காட்டின் விளிம்பில் பொதுவாக ஒரு வரிசைக் கல் அடுக்கினார்கள். அது முடியாமல்தான் இருந்தது.

பயணத்தன்று விடிந்ததும் லாரி வந்தது. லயமே தெமோதரை ரயில் டேசனுக்குப் புறப்பட்டது. பூவாயி மட்டும் இஸ்தோப்பில் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏறுக்கா" என்றான்.

"நான் வரல. டேசன்ல எல்லாரும் கட்டிப்புடிச்சு அழுவாங்க. அதுல ஒன் மொகம்கூட எனக்குத் தெரியாது." விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினாள். "லாரி மேட்டு வளைவுல திரும்புறப்ப மேல பாரு."

அவன் லாரியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றான். தேயிலைத் தொழிற்சாலை போனது, கோயில் போனது, கீழ்மலையில் அவன் அடுக்கிய கல்லுக்கட்டு போனது. வளைவில் லாரி கியர் மாற்றி முனகியபோது நிமிர்ந்து பார்த்தான்.

கொய்யாமரம். அதற்கடியில் வெள்ளையாய்ச் சிமெண்டு. அதன் பக்கத்தில் கருப்பம்மா, கூடையோடு. அதற்குச் சற்றே கீழே, அம்மாவின் தலைமாட்டில், பூவாயி. குறுக்குவழியில் ஓடி ஏறியிருப்பாள். மூச்சிரைக்க இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, மற்றக் கையை ஆட்டாமல் நேராக உயர்த்தி நின்றாள், இங்கேதான், இங்கேதான் என்பது போல.

லாரி திரும்பும்வரை அவள் கையை இறக்கவில்லை.